மறிக்கப்பட்ட பிள்ளையா? பள்ளிசாராக் கற்றலும் வன்னிப் பெற்றோரின் தயக்கமும்

பாடசாலை வயதுப் பிள்ளையொன்று காலை எட்டு மணிக்கு வீட்டு முற்றத்தில் நின்றால், அதைச் சொல்வதற்கு வன்னியில் இரண்டு சொற்கள் உண்டு. ஊரார் 'மறித்துப்போட்டார்கள்' என்பார்கள். அலுவலகப் பதிவேடு 'இடைவிலகல்' என்று எழுதும். மறித்தல் என்ற சொல்லுக்குள் நீண்ட கதையொன்று இருக்கிறது: பெரியபிள்ளையானதும் வீட்டோடு நிறுத்தப்பட்ட மகள், தாய் கூலிக்குப் போவதால் இளையவர்களைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்ட மூத்தவள், மாடு சாய்க்கவும் கடலுக்குப் போகவும் கை தேவைப்பட்டதால் நிறுத்தப்பட்ட மகன். இடைவிலகல் என்பது அதே இழப்பை எண்ணிக்கையாக்கிய சொல். இரண்டிலும் பிள்ளையிடமிருந்து ஏதோ பறிபோயிருக்கிறது என்ற பொருள்தான் தொனிக்கிறது. ஆகவே, பாடசாலைக்கு வெளியே பிள்ளையின் கற்றலை முழுமனதோடு நடத்திப் பார்க்கலாம் என்று எண்ணத் தொடங்கும் பெற்றோருக்கு, தாங்கள் செய்வதைக் குறிக்க ஊர்வழக்கில் ஒரு சொல்லும் கிடைப்பதில்லை. படலையடியில் நின்று, "என்ன பிள்ளை, பெடியனை மறிச்சுப்போட்டியாம்?" என்று ஒரு மூதாட்டி கேட்கும்போது அவர்கள் தடுமாறுவதற்குப் பாதிக் காரணம் இந்தச் சொற்பஞ்சமே.

ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதற்கு 'அன்ஸ்கூலிங்' என்று பெயர். அமெரிக்க ஆசிரியரான ஜோன் ஹோல்ட் 1977இல் இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பிழை விட்டுவிடுவோமோ என்ற அச்சத்தில் பிள்ளைகள் தங்கள் அறிவையே முடக்கிக்கொள்வதை வகுப்பறையில் நின்று கவனித்தவர் அவர். முதலில் பாடசாலைகளைத் திருத்தலாம் என்று நம்பினார், பின்னர் அந்த நம்பிக்கையைக் கைவிட்டு, பாடசாலைக்கு வெளியே பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களின் பக்கம் திரும்பினார். இக்கட்டுரை அதனைப் பள்ளிசாராக் கற்றல் என்று குறிக்கிறது. வீட்டுக்கல்வி இதனின்று வேறானது: அங்கே பாடத்திட்டமும் நேரசூசியும் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன, தாயோ தந்தையோ ஆசிரியராகிவிடுகிறார். பள்ளிசாராக் கற்றலில் முன்கூட்டிய பாடத்திட்டம் கிடையாது. பிள்ளை எதில் மூழ்குகிறதோ அதைப் பின்தொடர்ந்து, அதற்கு வேண்டிய பொருளையும் ஆளையும் இடத்தையும் தேடிக்கொடுப்பது பெரியவர்களின் வேலையாகிறது. கல்வித் திணைக்களத்தார் சொல்லும் 'முறைசாராக் கல்வி'யோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பெரும்பாலும் பாடசாலையை விட்டு விலகியோருக்கும் வளர்ந்தோருக்குமான எழுத்தறிவு, தொழிற்பயிற்சி ஏற்பாடு.

பெற்றோர் விலகி நிற்பதுதான் பள்ளிசாராக் கற்றல் என்று நினைப்பவர்கள் முதல் மாதத்திலேயே களைத்துப்போவார்கள். ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் 36 அடி என்ற முழு மட்டத்தை நெருங்கும்போது வான்கதவுகள் திறக்கப்படும் என்ற அறிவித்தலை மாரிதோறும் கிளிநொச்சிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒரு பிள்ளை, 'அடியை எப்படி அளக்கிறார்கள்?' என்று கேட்டால், அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அளவுகோல் பார்க்கலாம், குளத்து நீரைத் திறந்துவிடும் துருசின் அருகே நின்று வாய்க்காலில் ஓடும் நீரைப் பார்க்கலாம். மாரிப் பயிரான காலபோகம் முடிந்தபின் எஞ்சிய நீரைக் கணக்கிட்டு இத்தனை ஏக்கருக்குத்தான் கோடைப் பயிரான சிறுபோகம் என்று கமக்காரர்கள் கூட்டத்தில் முடிவெடுப்பதையும், ஒருவருடைய காணிக்கு அதில் எவ்வளவு பங்கு வரும் என்பதையும் பின்னமாகவும் விகிதமாகவும் வீட்டில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் இவ்வளவும் நடக்க, கேள்வி கேட்கப்பட்ட பொழுதில் ஒரு பெரியவர் அதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும், அடுத்த கிழமையே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக அவருக்கு நேரமும் இருக்க வேண்டும். வகுப்பறையில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் செய்யும் ஆயத்தத்தைவிட இது சுலபமானதென்று சொல்ல முடியாது.

இனி, தயக்கத்தின் வேருக்கு வருவோம். அமெரிக்கக் குடும்பமொன்று பள்ளிசாராக் கற்றலைப் பற்றி யோசிக்கும்போது எழும் அச்சமும் வன்னிக் குடும்பத்துக்கு எழும் அச்சமும் ஒன்றல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரணைமடு கட்டப்பட்ட பின் அதைச் சுற்றிக் குடியேறியவர்களும், அதற்குப் பின் வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று தொடர்ந்த குடியேற்றங்களுக்கு வந்தவர்களும் நிலத்தை நம்பி வந்தவர்கள். ஆனால் அடுத்த தலைமுறை மண்வெட்டி பிடிக்காமல் பேனா பிடிக்க வேண்டும் என்ற ஆசையைக் கூடவே கொண்டுவந்தவர்கள். 1945இல் இலவசக் கல்வி வந்தபோது அந்த ஆசைக்கு வழி திறந்தது. 1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்களுக்குப் பாடசாலையின் பெறுமதி இன்னும் அதிகம். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே எழுபதுகளில்தான் என்பதை நினைத்தால், வெள்ளைச் சீருடையோடு ஒரு பிள்ளை வீட்டு ஒழுங்கையால் நடந்துபோவதை அவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பது விளங்கும்.

அதன்மேல் போர் வந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தவர் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் வந்தபோது, ஒரே பாடசாலைக் கட்டடத்தில் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இரண்டு பாடசாலைகள் நடந்தன. இடம் போதாதபோது மரநிழல் வகுப்பறையானது. 2008இலும் 2009இலும் மன்னார்ப் பக்கத்திலிருந்து கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஒடுங்கிப்போன நிலத்தில் அந்த மரநிழலும் இல்லாமற் போயிற்று. பின்னர் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே கொப்பி விரிக்கப்பட்டது. 2012 செப்ரெம்பரில் அந்த முகாம் மூடப்படும்வரை அங்கே கற்ற பிள்ளைகள் இருந்தார்கள். அன்று பத்து, பதினைந்து வயதில் இருந்தவர்கள்தான் இன்றைய பெற்றோர். அன்று அவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள்தான் இன்றைய பேரன் பேத்திமார்களின் அம்மம்மா, அப்பப்பா. பிள்ளை பாடசாலைக்குப் போகவில்லை என்றால் அவர்களுக்கு நினைவு வருவது அந்தக் காலம். 'பாடசாலை ஒரு சிறை' என்று மேற்கில் எழுதப்படும் வாக்கியத்தை அப்படியே கொண்டுவந்து அம்மம்மாவின் முன்னால் வைப்பது அறியாமை மட்டுமன்று, கொஞ்சம் கொடுமையும்கூட. அந்த வாக்கியத்தோடு தொடங்குகிறவர்கள் ஊரை முதல் நாளிலேயே இழந்துவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இதே வரலாற்றைத் திருப்பிப் பிடித்து, 'போர்க்காலத்தில் பாடசாலை இல்லாமலே நாங்கள் படித்தோம்தானே' என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் படித்த கதை உண்மைதான். ஆனால் அந்தக் கதையில் பிள்ளை தனியாக இருக்கவில்லை. இடம்பெயர்ந்த ஆசிரியரும் இடம்பெயர்ந்த மாணவரும் ஒரே மரத்தின் கீழ் சந்தித்தார்கள். பக்கத்துத் தறப்பாளில் இருந்த அக்கா கணக்குச் சொல்லிக்கொடுத்தார். கொப்பி இல்லாதவருக்கு இருந்தவர் ஒற்றை கிழித்துக் கொடுத்தார். பாடசாலை தேவையில்லை என்பதற்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது. கட்டடம் இல்லாத இடத்திலும் பிள்ளையைச் சுற்றி அக்கறையுள்ள பெரியவர்கள் சிலர் இருந்தால் கற்றல் நின்றுவிடுவதில்லை என்பதற்குக் காட்டலாம். பள்ளிசாராக் கற்றலைத் தொடங்கும் குடும்பத்துக்கு இந்த இரண்டாவது பாடமே போதுமானது.

அண்மைக்கால அனுபவமொன்றும் பெற்றோரின் மனதைக் குழப்பிவைத்திருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டன; அடுத்த ஆண்டிலும் பெரும்பகுதி அப்படியே கழிந்தது; 2022இல் எரிபொருள் நெருக்கடி இன்னும் சில கிழமைகளை விழுங்கியது. அந்த நாட்களில் தொலைபேசியில் வந்த பாடங்களைப் பிள்ளைக்குச் செய்விக்கப் போய்ச் சண்டையும் கண்ணீருமாக முடிந்த வீடுகள் ஏராளம். 'எங்களால் ஏலாது என்று அப்போதே தெரிந்துவிட்டது' என்று பலர் சொல்வது அதனால்தான். ஆனால் அது பள்ளிசாராக் கற்றல் அன்று. நண்பர்களையும் விளையாட்டு மைதானத்தையும் கழித்துவிட்டு, பாடசாலையின் ஒப்படைகளை மட்டும் வீட்டுக்கு அனுப்பிய ஏற்பாடு அது. சிக்னல் தேடி அலைந்த பிள்ளையும் தரவுக்குக் காசு தேடிய தகப்பனும் தோற்றதை வைத்து, ஒரு பெற்றோரின் இயலுமையை எடைபோடுவது நியாயமாகாது.

சட்டத்தைச் சொல்லாமல் இந்த விடயத்தை எழுதுவது பொறுப்பற்ற செயல். இலங்கையில் பாடசாலை வரவைக் கட்டாயமாக்கும் ஒழுங்குவிதி 1997இல் ஆக்கப்பட்டு 1998 தொடக்கம் 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கு நடைமுறைக்கு வந்தது. 2016இல் மேல் எல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயதும் 2021இல் 14இலிருந்து 16ஆக்கப்பட்டது. பாடசாலை நேரத்தில் வயலிலோ கடற்கரையிலோ ஒரு பிள்ளையைக் காணும் கிராம அலுவலரோ சிறுவர் உரிமை உத்தியோகத்தரோ விசாரித்தால், அவர் தம் கடமையைச் செய்கிறார் என்றே கொள்ள வேண்டும்; ஏனென்றால் அவர் சந்திக்கும் பத்துப் பிள்ளைகளில் உண்மையாகவே மறிக்கப்பட்ட பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். வலயக் கல்விப் பணிமனையில் நேரில் விசாரிக்காமலும் சட்டத்தரணி ஒருவரிடம் ஆலோசனை கேட்காமலும் பாடசாலைப் பதிவிலிருந்து பெயரை வெட்டுவது, பிள்ளையின் பெயரால் பெற்றோர் ஆடும் சூதாட்டம்.

வெளிநாட்டு உறவினரின் அறிவுரையும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. இலண்டனில் இருக்கும் சித்தி, 'இங்கே என் சிநேகிதி மூன்று பிள்ளைகளையும் வீட்டில்தான் வைத்துப் படிப்பிக்கிறாள், ஒரு பிரச்சினையும் இல்லை' என்று சொல்வார். இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பிள்ளைக்குப் பாடசாலையிலோ வேறு வழியிலோ கல்வி கிடைப்பதைப் பெற்றோரின் கடமையாக்குகிறது. அந்த 'வேறு வழி' என்ற சொற்களில்தான் சித்தியின் சிநேகிதி நிற்கிறார். கனடாவின் ஒன்ராரியோவில் கல்விச் சபைக்கு எழுத்தில் அறிவித்தால் போதும். ஆனால் ஜேர்மனியில் இருக்கும் மாமா இதைச் செய்ய நினைத்தால் சட்டம் விடாது. பிரான்சில் 2022 தொடக்கம் முன்னனுமதி பெறவேண்டும். ஒரே குடும்பத்தின் கிளைகள் நான்கு நாடுகளில் நான்கு சட்டங்களின் கீழ் வாழும்போது, ஒரு கிளையின் அனுபவம் மற்றதற்கு வழிகாட்டியாக முடியாது.

எனவே நடைமுறையில் வன்னியில் இந்த எண்ணத்தோடு வாழும் குடும்பங்களுக்குப் பொருந்துவது ஒரு நடுவழி. ஐந்து வயதுக்கு முன் முன்பள்ளியில் எழுத்துக்களைத் திணிக்காமல் விடலாம். ஐந்து முதல் பதினாறு வரை பிள்ளை பாடசாலைக்குப் போய்வரும். ஆனால் பின்னேரமும் சனி ஞாயிறும் விடுமுறையும் தனியார் கல்வி நிலையங்களுக்கு விற்கப்படாமல் பிள்ளையின் கையில் இருக்கும். பதினாறுக்குப் பின் முழுமையாகவே வேறு பாதை எடுக்கலாம். இதைக் கேட்டு, 'இது அரைகுறை' என்று முகம் சுளிக்கும் தீவிரர்கள் உண்டு. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காகத் தரம் 3இலிருந்தே பிள்ளையின் மாலைப்பொழுது மேலதிக வகுப்புக்குப் போகும் ஒரு நாட்டில், அந்த மாலைப்பொழுதை மீட்டெடுப்பது அரைகுறை வேலையாக எனக்குத் தோன்றவில்லை. அயல்வீட்டுப் பிள்ளை துவிச்சக்கர வண்டியில் மூன்றாவது வகுப்புக்குப் போகும்போது, தன் பிள்ளை பாலைமரத்தடியில் எறும்பு பார்த்துக்கொண்டிருப்பதைப் பதறாமல் பார்த்திருக்க ஒரு தாய்க்கு வேண்டிய மனத்திடம், முழுநேரமாகச் செய்பவர்களுக்கு வேண்டியதைவிடக் குறைந்ததன்று.

அந்த மனத்திடம் எங்கிருந்து வரும்? பொஸ்டன் கல்லூரியின் உளவியலாளர் பீற்றர் கிரேயும் ஜீனா ரைலியும் பள்ளிசாராக் கற்றலில் ஈடுபட்ட 232 குடும்பங்களிடம் பெற்ற பதில்களை 2013இல் வெளியிட்டார்கள். எது கடினமாக இருந்தது என்ற கேள்விக்கு, கற்பிப்பதென்றோ பணமென்றோ பெரும்பாலோர் எழுதவில்லை. உறவினரும் நண்பரும் அயலாரும் தரும் அழுத்தமே முதலில் நின்றது. அதை அடுத்து, தங்கள் மனதிலேயே ஊறிப்போயிருந்த பாடசாலை எண்ணங்களை உதறுவது கடினமாக இருந்ததென்று எழுதியிருந்தார்கள். வேலிக்கு வெளியே இருந்து வரும் குரலும் வேலிக்குள்ளே தன் நெஞ்சிலிருந்து வரும் குரலும் ஒன்றையே சொல்வதால்தான் பெற்றோர் உடைகிறார்கள். பள்ளிசாராக் கற்றலில் பழகியவர்களிடையே ஒரு கைக்கணக்கு வழங்குகிறது: பாடசாலையில் கழித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஏறத்தாழ ஒரு மாதம், அந்தப் பழக்கம் கழிவதற்கு வேண்டும் என்பது. அறிவியல் விதியல்ல, அனுபவச் சொல். பிள்ளைக்கு அது ஐந்தாறு மாதம் என்றால், பதின்மூன்று ஆண்டு படித்துப் பரீட்சை எழுதிய தாய்க்கும் தகப்பனுக்கும் ஓராண்டுக்கு மேலாகும். முதல் ஓராண்டுக்குப் பிள்ளையைச் சோதிப்பதை விட்டு, தங்களுக்கு எப்போது பதற்றம் வருகிறது, யாரைக் கண்டதும் வருகிறது என்று கவனிப்பது பெற்றோருக்குப் பயன் தரும். பெறுபேறு வெளியாகும் நாட்களில் அது உச்சத்தில் இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.

பதற்றத்துக்கு நல்ல மருந்து ஒரு கொப்பி. ஒவ்வோர் இரவும் பிள்ளை அன்று என்ன கேட்டது, எதில் நேரம் போனது, யாரோடு பேசியது என்று நாலு வரி எழுதிவைப்பது. பிள்ளைக்குக் காட்டுவதற்கல்ல, மதிப்பெண் போடுவதற்குமல்ல. மூன்று மாதம் கழித்துப் புரட்டும்போது, ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றிய நாட்களுக்குள் ஒரு தொடர்ச்சி தெரியும். முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்துநின்ற பிள்ளை, வலைக்கும் படகுக்கும் போக இழுத்தவர்களுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கும் கணக்கை ஒரு மாதம் கழித்து வீட்டில் மாம்பழத்தில் போட்டுப் பார்த்திருக்கும்; சோழகம், கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுகளின் பெயர்களைக் கடலோடியிடம் கேட்டுவைத்து, பிறகு திசைகாட்டி ஒன்று வேண்டுமென்று அடம்பிடித்திருக்கும். அந்த அடமும் பதிவாகியிருக்க வேண்டியது அவசியம். மாமியார் கேள்வி கேட்கும்போதும், அதைவிட முக்கியமாக இரவு இரண்டு மணிக்குத் தன் மனமே கேள்வி கேட்கும்போதும் எடுத்துப் பார்க்கக்கூடிய சாட்சி அது.

வாசிப்பு மட்டும் தனியாகப் பேசப்பட வேண்டியது. ஏனென்றால் பெற்றோரின் அச்சம் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. பள்ளிசாராக் கற்றலில் சில பிள்ளைகள் நாலு வயதிலும் சிலர் ஒன்பது வயதிலும் வாசிக்கத் தொடங்குவதாக அனுபவமுள்ளவர்கள் சொல்கிறார்கள். நம் ஊரிலோ முதலாம் தரம் முடிவதற்குள் 247 எழுத்தும் தெரிய வேண்டுமென்று எதிர்பார்க்கிறோம். விஜயதசமியன்று மடியில் இருத்தி அரிசியில் விரல்பிடித்து அகரம் எழுதுவித்து ஏடு தொடக்கிய வழக்கத்தில், அந்த முதல் எழுத்துக்குப் பிறகு அவசரம் எதுவும் இருந்ததில்லை. இருந்தாலும், பொறுத்திருப்பதற்கும் கண்ணை மூடிக்கொள்வதற்கும் வேறுபாடு உண்டு. ஏழெட்டு வயதாகியும் எழுத்துக்களில் ஆர்வமே இல்லாத பிள்ளைக்குக் கண்பார்வையும் செவிப்புலனும் சோதிக்கப்பட வேண்டும். வாசிப்பில் வரும் சிறப்புத் தடைகள் பற்றி மாவட்ட வைத்தியசாலையின் சிறுபிள்ளை வைத்திய நிபுணரிடம் கேட்க வேண்டும். 'தானாக வரும்' என்ற நம்பிக்கை, கண்ணாடி தேவைப்பட்ட பிள்ளைக்குக் கண்ணாடி கிடைக்காமற் செய்துவிடக் கூடாது.

துணை என்று சொல்லும்போது, தன்னைப்போலவே எண்ணும் குடும்பங்களைத் தேடுவதுதான் புதிய பெற்றோருக்கு முதலில் தோன்றும். எழுபதுகளின் அமெரிக்காவிலும் அப்படித்தான் தொடங்கியது. ஹோல்ட் நடத்திய செய்திமடலில் பெரும்பகுதி பெற்றோர் எழுதிய கடிதங்கள். ஆர்வமுள்ள குடும்பங்களின் பெயர்ப்பட்டியலும் அதில் வந்தது. அப்போது பல மாநிலங்களில் அவர்கள் செய்துகொண்டிருந்தது சட்டத்துக்கு உட்பட்டதா என்பதே தெளிவில்லை. ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டபூர்வமாவதற்கு 1993 வரை காலம் எடுத்தது. தனித்திருந்த அந்தக் குடும்பங்களைப் பதினாறு ஆண்டுகள் தாங்கிப்பிடித்ததில், எங்கோ தொலைவில் இன்னொரு தாய் கைப்பட எழுதிய கடிதத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

வன்னியில் அப்படிப்பட்ட குடும்பங்கள் அடுத்தடுத்த ஒழுங்கையில் கிடைக்கப்போவதில்லை. துணுக்காயில் ஒன்று, நெடுங்கேணியில் ஒன்று, மன்னார்க் கரையில் ஒன்று என்றிருந்தால் சந்திப்பதற்கே ஒரு பகல் பேருந்தில் போய்விடும். மூன்று மாதத்துக்கொரு தடவை சந்திப்பது நல்லதுதான். அந்நாளில் பிள்ளைகள் தங்கள்பாட்டில் விளையாட, பெரியவர்கள் வெட்கமில்லாமல் தோல்விகளைப் பேசிக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் அன்றாடத் துணை அங்கிருந்து வராது. அது, பள்ளிசாராக் கற்றல் என்ற சொல்லையே கேள்விப்படாத, ஆனால் அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கும் நாலு பெரியவர்களிடமிருந்துதான் வரவேண்டும். சனசமூக நிலையத்தில் பத்திரிகை விரித்துவைப்பவர், பிரதேச சபை நூலகத்தின் நூலகர், உழவு இயந்திரம் திருத்துபவர், வயல் பார்க்க வரும் விவசாயப் போதனாசிரியர், ஓய்வுபெற்ற ஆசிரியை, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஆகியோரே அவர்கள்.

கூத்துக் களரியை இங்கே சற்று நின்று பார்க்கலாம். கோவலன் கூத்தும் காத்தவராயன் கூத்தும் முல்லைத்தீவுப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்டு வந்த விதம், பள்ளிசாராக் கற்றலைப் பற்றி எழுதப்பட்ட பல விளக்கங்களைவிடத் தெளிவானது. சின்னப் பிள்ளைகள் முதலில் சும்மா வந்து குந்தியிருப்பார்கள். யாரும் அவர்களை வகுப்பில் சேர்ப்பதில்லை. பின்னர் பிற்பாட்டில் குரல் சேரும். ஒருநாள் ஓர் ஆள் குறைந்தால் சின்ன வேடம் கிடைக்கும். நூற்றுக்கணக்கான பாட்டு மனனமாகும், தாளம் உடம்பில் ஏறும். பிழை விட்டால் அண்ணாவியார் ஏசுவார். அந்த ஏச்சை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளையை வயது வாரியாகப் பிரித்து வரிசைப்படுத்தி வைப்பதில்லை. 'இப்படியும் படிக்கலாம்' என்று அம்மம்மாவுக்கு விளக்க ஜோன் ஹோல்ட் தேவையில்லை, அவர் சிறுமியாக இருந்தபோது விடியவிடியப் பார்த்த கூத்தைப் பற்றிப் பேசினால் போதும்.

இந்தப் பெரியவர்களைச் சேர்ப்பதற்குக் கூட்டம் போட வேண்டியதில்லை. பிள்ளையின் கேள்வியோடு போய் உதவி கேட்டாலே வாசல் திறக்கும். கொள்கையோடு போனால்தான் விவாதம் வரும். பாடசாலை அதிபரும் வகுப்பாசிரியரும் இந்த வட்டத்துக்குள் இருக்க வேண்டியவர்களே. பாடசாலையைப் பகையாக்கிய குடும்பத்தின் பிள்ளை, பாடசாலையில் இருக்கும் நேரமெல்லாம் அந்தப் பகையைச் சுமக்க நேரும். புத்தகத்துக்கும் பெரிய செலவில்லை: கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் நூல்களும் ஆயிரக்கணக்கில் தமிழிலேயே கிடைக்கின்றன. தன் ஊரைப் பற்றிய பழைய பத்திரிகைச் செய்தியை ஒரு பிள்ளை அங்கே தேடிப் படிப்பதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் எனக்குத் தெரியவில்லை.

சில எச்சரிக்கைகளும் உண்டு. பிள்ளையைக் காட்டில் அலையவிடுங்கள் என்ற மேற்கத்திய அறிவுரை, கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்த நிலத்துக்கு அப்படியே பொருந்தாது. முகமாலை போன்ற இடங்களில் சிவப்பு மண்டையோட்டுப் பலகையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, பாலைப்பழத்துக்கும் வீரப்பழத்துக்கும் காட்டோரம் போவதற்கும் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட வேண்டும்; யானை இறங்கும் பருவத்தில் அதுவும் கூடாது. இன்னொன்று, இதன் சுமை யார் தோளில் ஏறுகிறது என்ற கேள்வி. பிள்ளையோடு நாள் முழுக்க நிற்க ஒருவர் வேண்டும் என்றால் நம் வீடுகளில் அது தாய்தான் என்று சொல்லாமலே முடிவாகிவிடுகிறது. கணவனை இழந்து, தானே உழைத்து வீட்டை நடத்தும் தாய்மார் வன்னியில் நிறைந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பாடசாலை என்பது பிள்ளை பாதுகாப்பாக இருக்கும் ஆறு மணித்தியாலமும், சிறுவகுப்புப் பிள்ளைக்கு ஒருவேளைச் சாப்பாடும். அவர்களைப் பார்த்து, 'பிள்ளையை நம்பாமல் பாடசாலைக்கு அனுப்புகிறீர்கள்' என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. மகளை வீட்டில் நிறுத்திவிட்டு அடுப்படி வேலையைக் கொடுத்து, அதற்குப் பள்ளிசாராக் கற்றல் என்று பெயர் சூட்டினால், அதை ஊர் பழைய பெயரால் அழைப்பதே சரி.

'பிறகு வேலைக்கு என்ன செய்வான்?' என்ற கேள்விக்கும் நேரான பதில் வேண்டும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கும் உயர்தரப் பரீட்சைக்கும் பாடசாலை வழியாக மட்டுமன்றித் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் தோற்றலாம். தமிழும் கணிதமும் சித்தியடையாத பெறுபேற்றோடு அரச வேலை தேடுவது கடினம் என்பதால், எவ்வளவு சுதந்திரமாக வளர்ந்த பிள்ளைக்கும் அந்த இரண்டையும் பற்றி உரிய வயதில் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் ஏழு மட்டங்கள் கொண்டது. பாடநெறி எதையும் பின்பற்றாமல் வேலை செய்தே பழகிய திறனையும் மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் வழி அதில் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016இலிருந்து இயங்குகிறது. 1980இல் உருவான திறந்த பல்கலைக்கழகத்தில், பதினெட்டு வயதான ஒருவர் உயர்தரச் சித்தி இல்லாமலே அடிப்படைப் பாடநெறியில் தொடங்கிப் பட்டம் வரை போகலாம். பள்ளிசாராது வளர்ந்த 75 பெரியவர்களைக் கிரேயும் ரைலியும் பின்னர் ஆராய்ந்தபோது, பெரும்பாலானோர் ஏதோவொரு வகை உயர்கல்விக்குப் போயிருந்தார்கள். ஆனால் அவர்கள் தாமாக முன்வந்து பதிலளித்தவர்கள். முன்வராதவர்களின் கதை அதில் இல்லை. அமெரிக்காவின் கல்லூரி அனுமதி முறையும் நமது வெட்டுப்புள்ளி முறையும் ஒன்றல்ல. அந்த ஆய்வை ஆறுதலுக்கு வைத்துக்கொள்ளலாம், உத்தரவாதமாகக் கொள்ளக் கூடாது.

மீதமிருப்பது, புதிய பெற்றோர் அதிகம் எதிர்பாராத ஒரு நிலைமை. மாலைப்பொழுதுகளைத் தன்போக்கில் கழித்து வளர்ந்த பிள்ளை ஒன்பது வயதில் ஒருநாள் வந்து, நண்பர்கள் எல்லோரும் போகிறார்கள், தானும் மேலதிக வகுப்புக்குப் போக வேண்டும், புலமைப்பரிசில் எழுத வேண்டும் என்று கேட்கும். சில பெற்றோர் அதைத் தங்கள் தோல்வியாக எடுத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். பிள்ளையின் விருப்பத்தைப் பின்தொடர்வோம் என்று சொல்லித் தொடங்கியவர்கள், பிள்ளை பாடசாலைப் பக்கம் திரும்பும்போது மட்டும் அந்த விருப்பத்தை மறிக்க முடியாது. பரீட்சை என்றால் என்ன, அதற்கு எவ்வளவு நேரம் போகும், வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்தால் என்ன ஆகும் என்று ஒருநாள் இருந்து பேசிவிட்டு, துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடித்துக் கொடுத்து அனுப்ப வேண்டியதுதான். இரவு எழுதும் கொப்பியில் அன்றைய நாலு வரியும் அதைப் பற்றியதாக இருக்கும்.